கல்லிலே நேர்ந்த இடைச்செருகல்

ஏட்டுச் சுவடிகளோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு இடைச்செருகல் என்ற சொல் புதிதல்ல. மூல ஆசிரியர் எழுதாத பாட்டொன்று, பின்னால் வந்த ஒருவர் கையால் நூலுக்குள் நுழைந்துவிடும். மொழி ஒத்துப்போகும், யாப்பு ஒத்துப்போகும், சில நேரம் மூலத்தைவிட அழகாகவும் இருந்து தொலைக்கும். அதற்குப் பிறகு வருகிறவர் அதையும் மூலம் என்றே எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் காலம் இது, ஊர் இது என்று முடிவு கட்டுவார். அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பதிப்பிக்க முயன்றவர்களுக்கும் இந்தத் தலையிடி தெரியும். பழைய பிரதியைப் பூச்சி அரித்திருக்கும். பார்த்தெழுதியவர் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு ஓட்டையை நிரப்பியிருப்பார். எந்த வரி யாருடையது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கல்லைப் படிக்கிறவர்களுக்கும் இதே தலையிடி வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் விஞ்ஞான ஆசிரியன் அல்ல, தமிழ் படித்தவன். உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கிற மாணவன் ஒருவன், கண்டங்கள் நகர்ந்ததற்குப் பாறைகளிலுள்ள காந்தம் சாட்சி என்று பாடத்தில் வாசித்துவிட்டு, "சேர், அந்தச் சாட்சியில பிழை வராதா? கல்லும் பொய் சொல்லுமா?" என்று கேட்டான். அந்த நேரம் மறுமொழி சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்தபோது, அவன் கேட்ட கேள்வியைக் கேட்டுப் புவிச்சரிதவியலாளர்களே ஒருமுறை ஆடிப்போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

முதலில் கல் எப்படிச் சாட்சி சொல்கிறது என்று பார்ப்போம். அடையற் பாறை என்பது மண்ணும் சேறும் சுண்ணாம்பும் நீருக்கடியில் படை படையாகப் படிந்து இறுகியது. இது நம்மவர்களுக்குப் பழைய சேதி. இப்னு சீனா தன் 'கிதாபுஷ் ஷிஃபா'வில், சிறுவயதில் ஜைஹூன் நதிக்கரையில் தலை கழுவப் பயன்படுத்திய களிமண், ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது மென்மையான கல்லாக மாறியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்ட அந்தக் களிமண்ணுக்குள்ளும் இரும்புக் கனிமத் துகள்கள் இருந்திருக்கும். அவற்றுள் மக்னற்றைற்று, ஹேமற்றைற்று ஆகிய இரண்டும் நமக்கு முக்கியம். இரண்டுமே இரும்பு ஒட்சைட்டுகள். முதலாவது கறுப்பு, மற்றது செம்மண்ணுக்கும் செந்நிறக் கல்லுக்கும் நிறம் கொடுப்பது. சேறு படியும்போது இந்தத் துகள்கள் குட்டிக் குட்டித் திசைகாட்டி ஊசிகள் போலப் பூமியின் காந்தப்புலத்துக்கு இசைவாகத் திரும்பிக்கொள்ளும். சேறு கல்லானதும் திரும்பியது திரும்பியபடியே இறுகிவிடும்.

கிப்லா பார்க்கிற பெட்டியில் ஊசி இடம் வலமாக மட்டும்தான் ஆடும். அதை நடுவில் நூல் கட்டித் தாராளமாகத் தொங்கவிட்டால் மேலும் கீழுமாகவும் சாயும். காந்த நடுக்கோடு நம் நாட்டுக்குக் கிட்டவே போவதால் இங்கே அது ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும். நியூயோர்க்கில் 65 பாகைக்கும் மேலே நிலத்தை நோக்கிக் குத்தி நிற்கும். துருவத்தில் நேர் செங்குத்து. சாய்வுக்கும் அகலக்கோட்டுக்கும் இடையில் எளிய கணக்கொன்று இருக்கிறது: சாய்வுக் கோணத்தின் தான்சன், அகலக்கோட்டுக் கோணத்தின் தான்சனைப் போல இரண்டு மடங்கு. ஆகவே ஒரு கல்லுக்குள் உறைந்திருக்கும் சாய்வை அளந்தால், அது படிந்த நாளில் அந்த இடம் எந்த அகலக்கோட்டில் இருந்தது என்று சொல்லிவிடலாம். கண்டங்கள் நகர்ந்த கதையின் பெரும்பகுதி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமியின் காந்தப்புலம் இடையிடையே தலைகீழாகப் புரளும். வடக்கைக் காட்ட வேண்டிய ஊசி தெற்கைக் காட்டும். கடைசிப் பெரும் புரட்டு ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சில காலங்களில் அடிக்கடி புரளும், சில காலங்களில் அசையவே அசையாது. அப்படி அசையாது கிடந்த நீண்ட காலமொன்றுக்குக் கியாமன் காலம் என்று பெயர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள கியாமா என்ற ஊரின் பெயரால் வந்தது அது. ஏறக்குறைய 50 மில்லியன் ஆண்டுகள், அதாவது இற்றைக்கு 300 மில்லியன் ஆண்டுகளை ஒட்டிய காலம் முழுவதும், புலம் தலைகீழாகவே இருந்தது. இந்தக் கியாமன் காலத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். களவு பிடிபட்டது இதனால்தான்.

வட அமெரிக்காவின் கிழக்கோரமாக அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புக்கற்களும் செந்நிற மணற்கற்களும் பெரும்பாலும் 350 முதல் 450 மில்லியன் ஆண்டு வயதுடையவை. அவற்றில் உள்ள உயிர்ச்சுவடுகள் இந்த வயதைச் சந்தேகமின்றிச் சொல்கின்றன. ஆனால் அவற்றின் காந்தத்தை அளந்தவர்களுக்கு ஒரே விடைதான் திரும்பத் திரும்பக் கிடைத்தது: தெற்குத் தென்கிழக்கை நோக்கிய திசை, ஏறக்குறைய மட்டமான சாய்வு. வயது 100 மில்லியன் ஆண்டு வித்தியாசப்பட்ட கற்களும் ஒரே வாக்குமூலம். அதிலும் எல்லாமே தலைகீழ்த் திசை. நடுவில் ஒருமுறைகூடப் புலம் புரளவில்லையா? நாலைந்து சாட்சிகள் ஒரு சொல்லும் மாறாமல் ஒரே மாதிரிச் சொன்னால் நீதவான் என்ன நினைப்பார்? எங்கேயோ ஒன்றாக உட்கார்ந்து பாடம் பண்ணியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கென்னத் கிரீர் என்ற ஆய்வாளர் 1968இலேயே, இந்தப் பழைய கற்கள் கியாமன் காலத்தில் புதிதாகக் காந்தம் ஏற்றவையாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுப்பினார். அதைப் பெரும்பாலானோர் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

எடுக்காததால் வந்த வினை சுவாரசியமானது. 1978இல் டெனிஸ் கென்ற், நீல் ஒப்டைக் என்ற இருவர் பென்சில்வேனியாப் பக்கத்துக் கற்ஸ்கில் செங்கற்பாறைகளை ஆராய்ந்தார்கள். டெவோனியன் காலத்துப் பாறைகள் அவை. அவற்றின் காந்தம் காட்டிய அகலக்கோட்டை, நியூ இங்கிலாந்துக் கரையோரமும் கனடாவின் கிழக்குக் கரையோரமும் சேர்ந்த பகுதியின் பாறைகள் காட்டியதோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம். கரையோரப் பகுதி அந்தக் காலத்தில் 1500 கிலோமீற்றர் தெற்கே இருந்திருக்க வேண்டும், பிறகு பக்கவாட்டில் வழுக்கி வடக்கே வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தத் துண்டுக்கு அக்கேடியா என்று பெயர் வழங்கியது. 1981இல் ரொப் வன் டெர் வூவும் கிறிஸ்ரபர் ஸ்கொற்றீஸும் இதை அத்திலாந்திக்குக்கு அப்பாலும் நீட்டினார்கள். ஸ்கொட்லாந்தைக் குறுக்கே பிளக்கும் கிரேற் கிளென் பிளவு வழியாகவும் 2000 கிலோமீற்றர் வழுக்கல் நடந்தது என்றார்கள். பாறைகளைக் காலால் நடந்து படித்தவர்கள், அப்படியொரு நகர்வுக்குத் தரையில் தடயமே இல்லையே என்று முணுமுணுத்தார்கள். ஆனால் காந்தக் கணக்குக்கு முன்னால் முணுமுணுப்பு எடுபடுமா?

அடுத்த வருடமே, 1982இல், அதே ஸ்கொற்றீஸும் வன் டெர் வூவும் சாட் மக்கேப் என்பவரோடு சேர்ந்து நியூயோர்க் மாநிலத்தின் சைலூரியன், டெவோனியன் காலத்துச் சுண்ணாம்புக்கற்களை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கற்களில் காந்தம் மிகமிக நலிவு. 1970களில் கடுங்குளிரில் இயங்கும் நுண்ணிய காந்தமானிகள் வந்திராவிட்டால் அளந்திருக்கவே முடியாது. 400 மில்லியன் ஆண்டு வயதைத் தாண்டிய கற்களில் அவர்களுக்குக் கிடைத்தது கியாமன் காலத் திசை. கல் பழையது, காந்தம் புதிது. தங்கள் போன வருட முடிவு எதன் மேல் நின்றதோ அதையே தோண்டிப் பார்த்துச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஆய்வுலகில் ஒருமுறை எழுதியதைத் திருத்துவதென்றால் தலை போகிற காரியம்.

அக்கேடியா விவகாரத்தில் என்ன நடந்திருக்கிறது? டெவோனியன் காலத்தில் வட அமெரிக்காவின் இந்தப் பகுதி நடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. கியாமன் காலத்தில் நடுக்கோட்டை நெருங்கி வந்துவிட்டது. உள்நாட்டுக் கற்களின் பழைய எழுத்து அழிந்து, நடுக்கோட்டில் நின்ற நாளின் புதிய எழுத்து ஏறிவிட்டது. கரையோரக் கற்களிலோ பழைய எழுத்தே எஞ்சியிருந்தது. வெவ்வேறு காலத்து வாக்குமூலங்கள் இரண்டை ஒரே காலத்தவை என்று நினைத்து ஒப்பிட்டதால், நகராத நிலம் 1500 கிலோமீற்றர் நகர்ந்ததாகத் தெரிந்தது. 1984இல் இர்விங், ஸ்ரோங் என்ற இருவர் மேற்கு நியூபவுண்லாந்தில், அதாவது அந்தக் கற்பனைப் பிளவின் உள்நாட்டுப் பக்கத்தில், காந்தம் மாறாத பாறைகளைக் கண்டுபிடித்து அளந்தார்கள். அவையும் கரையோரப் பாறைகள் சொன்னதையே சொல்லின. கென்ற்றும் ஒப்டைக்கும் 1985இல் தாங்களே வேறொரு பாறையடுக்கை நுணுகி அளந்து அதே முடிவுக்கு வந்தார்கள். அக்கேடியாப் பயணம் அத்தோடு முடிந்தது.

எந்த எழுத்து முந்தியது, எது பிந்தியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஜோன் கிரஹாம் 1949இல் சொன்ன மடிப்புச் சோதனை இதற்கு உதவுகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பன்பாயை மட்டமாக விரித்து, அதன் மேல் சோக்கால் நாலைந்து அம்புக்குறிகளை ஒரே திசையில் போடுங்கள். பிறகு அம்புகளுக்குக் குறுக்கே மடிப்பு விழும்படி பாயை நடுவில் தூக்கிக் கூரை மாதிரி நிறுத்துங்கள். இப்போது ஒரு பக்கத்து அம்புகள் வானத்தைப் பார்க்கும், மறுபக்கத்தவை தரையைப் பார்க்கும். பாயைத் திரும்ப விரித்தால் ஒன்றாகிவிடும். இனி மறுவளமாகச் செய்யுங்கள். பாயை முதலில் கூரையாக்கிவிட்டு, அதன் இரு பக்கத்திலும் அம்புகளை மட்டமாக, ஒரே திசையில் குத்திவையுங்கள். பாயை விரித்தால் இவை சிதறிப்போகும். மலை எழும்போது பாறைப் படைகள் இப்படித்தான் மடிகின்றன. மடிப்பின் இரு புறமும் கல்லெடுத்து அளந்து, கணக்கிலே மடிப்பை விரித்துப் பார்ப்பார்கள். விரித்தபோது திசைகள் ஒன்றானால் காந்தம் மடிப்புக்கு முந்தியது, சிதறினால் பிந்தியது.

அப்பலாச்சியனில் பல இடங்களில் மூன்றாவது வகையொன்றும் கிடைத்தது. முழுதாக விரித்தாலும் சிதறல், விரிக்காவிட்டாலும் சிதறல், பாதி விரித்தபோது மட்டும் திசைகள் ஒன்றாகச் சேர்ந்தன. பாய் பாதி மடிந்திருந்த வேளையில் யாரோ அம்பு போட்டிருக்கிறார்கள். மலை எழுந்துகொண்டிருந்தபோதே காந்தம் ஏறியிருக்கிறது. அந்த மலையெழுச்சிக்கு அலெகேனியன் மலையாக்கம் என்று பெயர். ஆபிரிக்காவை உள்ளடக்கிய கொண்டுவானாப் பெருநிலம் வட அமெரிக்காவோடு மோதிய நிகழ்ச்சி அது. சுமார் 325 முதல் 260 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கியாமன் காலமும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள்.

அப்படியானால் கல்லுக்குள் நடந்ததுதான் என்ன? முதலில் தோன்றுகிற விடை வெப்பம். மக்னற்றைற்றை 580 பாகை செல்சியஸுக்கும், ஹேமற்றைற்றை ஏறக்குறைய 675 பாகைக்கும் மேல் சூடாக்கினால் காந்தம் முற்றாக அழியும். அதைவிடக் குறைந்த சூட்டிலும் பல மில்லியன் ஆண்டுகள் வேகவைத்தால் ஓரளவு அழியும். மலையடியில் புதையுண்ட கல் சூடாவது இயற்கைதானே? கென்ற் கூட 1985இல் சூடும் காலமும் சேர்ந்தால் போதும் என்று வாதாடினார். ஆனால் மேற்கு நியூயோர்க் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கற்களில் கொனோடொன்ற் என்ற பழங்கடல் உயிரியின் பல்போன்ற நுண்துண்டுகள் உண்டு. அவை சூடேறச் சூடேற இளமஞ்சளிலிருந்து கபில நிறமாகி, பிறகு கறுத்துவிடும். இயற்கை வைத்த வெப்பமானி என்று சொல்லலாம். மேற்கு நியூயோர்க்கின் துண்டுகள் அதிகம் நிறம் மாறவில்லை. 200 பாகையைக் கூட அந்தக் கல் கண்டதில்லை. ஆய்வுகூடத்தில் மிகுந்த சூடு கொடுத்தால்தான் அழிகிற காந்தம், இந்த வெதுவெதுப்பில் எப்படி மாறியிருக்கும்?

மக்கேப் குழுவினர் 1983இல் இதற்கு நேரடியாகவே விடை தேடினார்கள். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதிலிருந்து காந்தத் துகள்களைப் பிரித்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்த துகளென்றால் உடைந்து, மூலை தேய்ந்து இருக்கும். எரிமலைக் கல்லில் பிறந்தது என்பதால் பெரும்பாலும் தைத்தேனியம் கலந்திருக்கும். இவர்கள் கண்டவையோ உருண்டைகள், திராட்சைக் குலை போன்ற கொத்துகள். தைத்தேனியமும் இல்லை, சுத்தமான மக்னற்றைற்று. வெளியிலிருந்து வந்தவையல்ல, கல்லுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கடற்சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாகிற பைரைற்று உருண்டைகள் மெல்ல மெல்ல, உருவம் மாறாமலே, மக்னற்றைற்றாக மாறிக்கொண்டிருந்ததை அவர்கள் பாதி வழியிலேயே கண்டுபிடித்தார்கள். உருண்டையின் நடுவில் இன்னும் பைரைற்று, சுற்றிவர மக்னற்றைற்று.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. புதிதாகப் பிறக்கும் மக்னற்றைற்று மணி மிகச் சிறிதாக இருக்கும்வரை காந்தத் திசையை ஞாபகம் வைக்க முடியாது. சுற்றியுள்ள வெப்ப ஆட்டமே அதை நொடிக்கு நொடி திருப்பிப் போட்டுவிடும். 25, 30 நனோமீற்றர் அளவைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. ஒரு தலைமயிரின் தடிப்பில் அப்படிப்பட்ட மணிகள் ஈராயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சிறிசு. ஆனாலும் அந்த எல்லையைக் கடந்த கணத்தில் பூமியின் புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு, பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு விடாது. சூடு தேவையில்லை. வளர்ந்தாலே போதும்.

வளர வைத்தது எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1986இல் ஜாக் ஒலிவர் சொன்ன விளக்கம் பலரைக் கவர்ந்தது. இரண்டு கண்டங்கள் மோதும்போது, மேலேறி வரும் பாறைத் தகடுகள் தமக்குக் கீழேயுள்ள அடையல்களை நசுக்கும். அவற்றுக்குள் அடைபட்டிருந்த உப்புநீரும் எண்ணெய்யும் வெளியேறும். மழை பெய்தபின் சீமெந்துத் தரைத் தண்ணீரை றப்பர்த் துடைப்பத்தால் ஒரே இழுப்பில் தள்ளுகிறோமே, அதைப் போல மலையிலிருந்து கண்டத்தின் உள்ளே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு இந்தச் சூடான நீர் தள்ளப்பட்டது என்றார். மிசூரியிலுள்ள ஈயத் தாதும் அந்த நீர் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் என்பது அவரது வாதம். அங்கே தாது ஏறிய பாறையை அளந்த வேறு ஆய்வாளர்களுக்கும் கியாமன் காலத்தை ஒட்டிய காந்தமே கிடைத்திருந்தது. இடைச்செருகலே தாது வந்த காலத்தைச் சொல்லும் கடிகாரமாகிவிட்டது பாருங்கள்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இந்த நீர் விளக்கம் பொருந்தவில்லை. தென்கிழக்குப் பிரான்ஸின் வொக்கோன்சியன் படுகையில் வெளிநீர் வந்த அடையாளமே இல்லாமல் காந்தம் மாறியிருக்கிறது. அங்கே குற்றவாளி களிமண். ஸ்மெக்ரைற்று என்ற களி ஆழத்தில் புதையுண்டு ஓரளவு சூடேறும்போது இலைற்று என்ற வேறு களியாக மாறும். மாறும்போது தன்னுள் இருந்த இரும்பைக் கக்கும். அந்த இரும்பிலிருந்து மக்னற்றைற்று பிறக்கும். ஸ்மெக்ரைற்று மாறாத இடங்களில் பழைய காந்தம் அப்படியே இருப்பதும், மாறிய இடங்களில் புதியது ஏறியிருப்பதும் 1998இல் காட்டப்பட்டது. எனக்கென்னவோ, அப்பலாச்சியனிலும் ஒரே குற்றவாளியைத் தேடுவது வீண் என்றே படுகிறது. ஓரிடத்தில் நீர், ஓரிடத்தில் களி, மலைக்குக் கிட்ட வெப்பம் என்று எல்லாம் கலந்தே நடந்திருக்க வேண்டும்.

பழைய எழுத்து முழுதும் போய்விடுமா என்றால், இல்லை. ஆய்வுகூடத்தில் புலமே இல்லாத அறைக்குள் வைத்துக் கல்லைப் படிப்படியாகச் சூடாக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு காந்தம் உதிரும். மேலே எழுதியது முதலில் உதிர்ந்தால் அடியில் இருப்பது தெரியவரும். கற்ஸ்கில் செங்கற்பாறைகளையே எடுங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னை ஏமாற்றிய அந்தக் கற்களிடம் கென்ற், மில்லர் என்பவரோடு 1986இல் திரும்பிப் போனார். ஹேமற்றைற்றின் கடைசி எல்லைக்குக் கிட்டச் சூடு போனபோது, மடிப்புக்கு முந்திய வேறொரு திசை மெல்லத் தலைகாட்டியது.

மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப கல்லு பொய் சொல்லல்ல சேர், நாமதான் எப்ப சொன்னதெண்டு கேக்கல்ல" என்றான். சரிதான் மகன் என்றேன். ஆனால் எப்ப சொன்னது என்று கேட்பதும் லேசான வேலையல்ல. இந்தியா ஆசியாவோடு எப்போது மோதியது என்ற வழக்கில் முக்கியமான சாட்சிகளில் ஒன்று தென் திபெத்தின் கம்பாப் பகுதியிலுள்ள சோங்பு சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 60 மில்லியன் ஆண்டு வயதுடையது. அதன் காந்தம் படிந்த நாளிலேயே ஏறியது என்று எடுத்துக்கொண்டு இந்தியாவின் வடவிளிம்பு அன்று நின்ற அகலக்கோட்டைக் கணித்தார்கள். மடிப்புச் சோதனை சொல்வது மடிப்புக்கு முந்தியதா பிந்தியதா என்பதை மட்டும்தான். கல் படிந்ததற்கும் மலை மடிந்ததற்கும் இடையில் மில்லியன் கணக்கான ஆண்டுகள் இருக்கலாம், அந்த இடைவெளியில் ஏறிய காந்தமும் சோதனையில் தேறிவிடும். 2017இல் வேறொரு குழு அதே கல்லை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தது. அவர்கள் கண்டது, பைரைற்றின் உருவத்திலேயே உட்கார்ந்திருந்த மக்னற்றைற்று.